கடைசிப் பச்சைக் குமிழ்

"ஐயோ... அதை நசுக்காதீங்க!"

கத்திய வேகத்தில் வீப்கே எதிரே நின்ற நெட்டையனின் மணிக்கட்டையே பிடித்துவிட்டாள்.

ஜெர்மனியின் கீல் நகரத்தில், கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கூடம் முழுக்க உப்புநீர் வாசம். வெளியே சாய்ந்தடிக்கும் மழை. அவன் வாளியில் கொண்டுவந்திருந்த பவளத் துண்டில் மணிமணியாய்ப் பச்சைக் குமிழ்கள்.

"அழகாத்தானே இருக்கு?" என்றான். சாம்பல் நிறக் கண்கள்... மழைக்கு முந்தின கடல் மாதிரி.

"அழகா? பாசிங்க அது! ஒண்ணு உடைஞ்சா தொட்டி பூரா பரவிப் பவளத்தையே மூடிடும். இதையா மத்தவங்க தலையில கட்ட வந்தீங்க?"

கூடமே திரும்பிப் பார்த்தது. அவன் காது சிவந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ... மனசு கேட்கவில்லை அவளுக்கு. பஸ் நிறுத்தம்வரை ஓடினாள்.

"குடை வேணுமா?"

"வேணாம். உள்ளயே நல்லா நனைச்சிட்டீங்க."

"சொன்னது தப்பில்ல. சொன்ன விதம் தப்பு. மன்னிச்சிடுங்க."

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை.

"தொட்டி எங்கப்பாவோடது. இதய ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கார். எனக்கு ஒண்ணும் தெரியாது. மீனாவது நல்லா இருக்கட்டும்னு தீனியை அள்ளி அள்ளிப் போட்டேன்... வந்து பாத்தா உடைஞ்சு போயிடுவார்."

"பாசிக்கு விருந்தே வச்சிருக்கீங்க!" சிரித்தாள். "நான் வந்து பாக்கட்டுமா?"

"இவ்ளோ திட்டிட்டா?"

"திட்டினதாலதான்."

சனிக்கிழமைதோறும் அவன் வீட்டுக்கு வந்தாள். பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள். பல் கறை சுரண்டும் கொக்கியால் ஒவ்வொரு குமிழையும் உடையாமல் வேரோடு பெயர்ப்பாள். யோர்ன், அதுதான் அவன் பெயர், மெல்லிய குழாயைப் பக்கத்தில் பிடித்து அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். விளக்கின் நீல ஒளி அவள் இமைகளில் விழும்... குழாய் வழி தவறும்.

"குழாய் பாசிகிட்ட இருக்கணும் யோர்ன். என் கைகிட்ட இல்ல."

அப்பா வீடு வந்தார். தொட்டி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பவளமாய்ப் பார்த்தார். பிறகு மகனின் தோளைத் தட்டினார்.

அவ்வளவுதான். பாசி வேலை முடிந்தது; இனி எந்தச் சாக்கில் வீப்கேயைக் கூப்பிடுவது? யோர்ன் போன் எடுப்பான், வைப்பான். முடியாதென்று சொல்லிவிட்டால்...? அங்கே அவளுக்கும் வீம்பு. பாசிக்காக மட்டும் கூப்பிட்டவனிடம் தானாகப் போய் நிற்பதா?

சனிக்கிழமை. மழை. வாசல் மணி அடித்தது.

"ஒரு குமிழ் பாக்கி இருக்கு," என்றாள் வீப்கே, அவனைப் பார்க்காமல். "பெரிய பாறைக்குப் பின்னால. போன தடவையே பாத்தேன்."

"பாத்துட்டு விட்டுட்டீங்களா? நீங்களா?"

"அதை எடுத்துட்டா... திரும்ப வர முடியாதேன்னு..."

யோர்ன் முகமெல்லாம் சிரிப்பு.

"நானும் பாத்தேன். தொடவே இல்ல. மீன் கொத்திடக்கூடாதேன்னு தினம் காவல் காத்தேன்!"

"அடப்பாவி..."

"இன்னிக்கு எடுத்துடலாம். ஆனா அதுக்கப்புறமும் நீ வரணும் வீப்கே. பாசி இருந்தாலும், இல்லேன்னாலும். உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

முதல் 'நீ'. அவள் கன்னத்தில் மழைத்துளியோ, வேறெதுவோ...

"எனக்கும்தான், மண்டு! அதை இப்படி மழையில நிக்க வச்சா சொல்வே?"