மருந்து தங்காத உடம்பு

மருந்து ஏறும்போது குழந்தை அழவில்லை. பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. மற்றக் குழந்தைகள் வீரிட்டுக் கத்தும் நேரத்தில், இது மட்டும் கையில் ஒட்டியிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. துஷாந்திக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

வெளியே மார்கழி மழை. பின்னேரமே ஆஸ்பத்திரி வாட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள். துறைமுகப் பக்கத்துக் காற்றில் உப்பும் டீசலும் மணத்தன. அதற்கு மேல் டெட்டோல், பக்கத்துக் கட்டிலில் யாரோ பிரித்த சோற்றுப் பார்சலின் பருப்பு வாசம். குனிந்து குழந்தையின் உச்சியை மோந்து பார்த்தாள். பால் வாசம் இல்லை. வெயிலில் விளையாடிவிட்டு ஓடிவந்த பிள்ளையின் வியர்வைதான் மணந்தது.

டொக்டர் றிஷானா கட்டிலருகே வந்து நின்றா.

"அம்மா, பிறந்த பிள்ளையளின்ர கிட்னி மெல்லமாத்தான் வேலை செய்யும். போட்ட மருந்து கனநேரம் உடம்பில நிக்கும். அதாலதான் ஒரு நாளைக்கு ஒருக்கா மட்டும் போட்டனாங்கள். இவவுக்கு நிக்குதில்ல."

"அப்பிடியெண்டா?"

"ஆறேழு வயசுப் பிள்ளைக்குப் போற வேகத்தில வெளியில போகுது. ரெண்டு தரம் இரத்தம் எடுத்துப் பாத்திட்டம். மருந்து நிக்காட்டி இரத்தத்தில இருக்கிற கிருமியை அடக்க ஏலாது. இனி அடிக்கடி போடவேணும்."

ஏழு வயது.

மூத்தவள் கீர்த்தனி போன வருடம் காய்ச்சலில் போனபோது அவளுக்கும் ஏழு வயதுதான். அவள் கையிலும் இதே குழாய்தான் இருந்தது. பத்து நாளைக்கு முன் சின்னவள் பிறந்தபோது, பச்சைப் பிள்ளையைப் புதுத்துணியில் சுற்றக்கூடாது, பாவித்த துணிதான் வேண்டும் என்றார்கள். கீர்த்தனியின் மஞ்சள் சட்டையை எடுத்து வந்து சுற்றச் சொன்னவள் துஷாந்திதான். அப்போது அவள் மனம் கேட்டது ஒன்றே ஒன்று: வந்திடு, அம்மாட்ட வந்திடு. அந்தச் சட்டை இப்போது கட்டிலுக்குக் கீழே, பையில் மடித்துக் கிடந்தது.

தாதி மருந்தோடு வந்தா. துஷாந்தி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மழை தகரத்தில் இரைந்தது. மருந்து மெதுவாக இறங்கியது.

மணிக்கட்டில் ஏதோ தட்டியது.

இரண்டு தட்டு. சின்ன விரல்கள். நிறுத்தி, மறுபடியும் இரண்டு.

மருந்து எரியும்போது கீர்த்தனி அப்படித்தான் தட்டுவாள். தாதிக்கு முன்னால் வாய் திறக்க வெட்கம். மெல்லப் போடச் சொல்லுங்கோ அம்மா என்று அர்த்தம். தாயையும் மகளையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். நெஞ்சு வெடிக்கிற அளவுக்குச் சந்தோஷம்.

"மெல்லமாப் போடுங்கோ மிஸ்," என்றாள். "பிள்ளைக்கு எரியுது."

குழந்தை அவளைப் பார்த்தது. தெரிந்தவளைப் பார்ப்பதுபோல.

பிறகுதான் உறைத்தது. இவள் வந்துவிட்டாள் என்றால், சின்னவள் எங்கே?

அழுகை கேட்டது. மெலிந்த அழுகை. பசித்த, பச்சைக் குழந்தையின் அழுகை.

தாதி நிமிர்ந்து பார்த்தா. "எந்தப் பிள்ளை அழுகுது?"

குழந்தையின் வாய் மூடியிருந்தது. விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன.

அழுகை கீழேயிருந்து வந்தது. துஷாந்தி குனிந்தாள்.

கட்டிலுக்குக் கீழே, திறந்த பைக்குள், மஞ்சள் சட்டை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.