ஏழாம் பாகம்

தொட்டில் கயிறு போய்த் திரும்ப ஒரு மூச்சு நேரம் கூடுதலாக எடுத்ததைத் தங்கச்செல்வியின் கால் கட்டைவிரல் உணர்ந்தது. கண் புத்தகத்தை விட்டு நகரவில்லை.

பாலவனத்தம் கிராமத்து மதிய வெயில் ஓடுகளைத் துளைத்து இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டு போய் ஒரு மணி நேரம். காற்றாடி நின்ற வீட்டில் கரிசல் புழுதியின் வாசமும், காய்ந்த தாய்ப்பாலின் புளித்த வாசமும், உத்தரத்தின் ஏறி இறங்கும் முனகலும் மட்டும் இருந்தன. சேலைத் தொட்டிலில் எட்டு மாதப் பிள்ளை. தொட்டிலிலிருந்து ஒரு கயிறு அவள் கால்விரலுக்கு. புத்தகத்துக்கு இரண்டு கையும் வேண்டுமே.

பன்னிரண்டு பாகத்து மாயக்கதை. முதல் ஆறும் அவளைத் தூங்கவிடாமல் இழுத்துப் போனவை. ஏழாவதில் படை நடக்கிறது, சமைக்கிறது, மறுபடி நடக்கிறது. புத்தகம் கொடுத்த சத்யபிரியா போனிலேயே சொல்லியிருந்தாள்.

"ஏழாவது சவசவன்னு கெடக்கும்டி. நாப்பது பக்கத்தத் தள்ளிட்டுப் போ. ஒண்ணும் குடி முழுகாது."

தள்ளினாள். தள்ளிப் போன இடத்தில் குட்டி இளவரசனைக் காணோம். ஒருவரும் அவனைத் தேடவும் இல்லை. அவனை வளர்த்த செவிலித்தாய் மட்டும் எதையோ தாலாட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கச்செல்வி பின்னோக்கிப் புரட்டினாள். நடை. சமையல். கூடாரம். இரண்டு சமையலுக்கு நடுவே, ஒளித்து வைத்ததுபோல் ஒரே வரி: பிள்ளையைத் தூக்கிப் போன பிறகும் தூளியின் கனம் குறையவில்லை.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள்.

கயிறு நிற்கவில்லை. விரலை இழுத்தது. விட்டது. இழுத்தது.

கொல்லைக் கதவு திறந்தது. நாத்தனார் முருகலட்சுமி. இடுப்பில் பிள்ளை.

"என்ன மதினி, வெறுந்தொட்டில ஆட்டிக்கிட்டு? பிள்ளைக்கு வயித்த வலிக்கவா?" என்றாள். "கத்திக் கத்தித் தொண்ட காஞ்சுபோச்சு இதுக்கு. நீங்க நிமிரவே இல்ல. நான் தூக்கிட்டுப் போயி முக்கா மணி நேரமாச்சு. ஒங்க ராசா ராணி கதையில இதுக்கு ஒரு ஆத்தா இருக்காளான்னு பாத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கயிறு இறுகித் தங்கச்செல்வியின் கால்விரல் நீலம் பாரித்திருந்தது.

தொட்டிலுக்குள் அழுகை.

பசி அழுகை. அதன் ஒவ்வொரு விக்கலும் அவளுக்குத் தெரியும். மார்பு கல்லாய்க் கனத்தது. ரவிக்கை நனைந்தது. வேறு எந்தப் பிள்ளை அழுதும் சுரக்காத பால்.

முருகலட்சுமியின் சிரிப்பு நின்றது.

"மதினி... உள்ள யாரு?"

தங்கச்செல்வி தொட்டிலைப் பார்க்கவில்லை. நாத்தனார் இடுப்பில் இருந்ததைப் பார்த்தாள்.

அது அழவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டிலில் எழுந்த ஒவ்வொரு அழுகைக்கும் வாயைத் திறந்தது. மூடியது. திறந்தது.

சத்தமே இல்லாமல்.