பூங்கனியின் பெருவிரல்

"அந்தப் பேர அழிச்சுப் போடுன்னு எத்தன மட்டம் சொல்லணும் பிள்ளே—"

"அழிச்சாச்சு சாரே, அழிக்க அழிக்கப் பின்னயும் வந்து நிக்குது—"

"நீ கள்ளத்தனம் காட்டுத."

மேனேஜர் ஆன்ட்ரூஸ் பேசிக்கொண்டே பொரித்த இறாலை வாயில் போட்டு விரலை நக்கினார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இந்துஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூங்கனி உரித்த இறாலாகக்கூட இருக்கும்.

போன வாரம், குளச்சல் பக்கத்து அந்த இறால் கம்பெனியின் உறைகூடத்தில் அம்மோனியா கசிந்து பூங்கனி மூச்சடைத்துச் செத்தாள். அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை, திருட நுழைந்தாள் என்று ஆன்ட்ரூஸ் சாதித்தார். மதியம் விசாரணைக்கு ஆள் வருமுன் அன்றைய கைரேகை வருகைப் பதிவில் அவள் பேர் இருக்கக்கூடாது. செத்தவள் கள்ளியாகிவிடுவாள் என்று தெரிந்தும், வேலை போகும் பயத்தில் இந்துஜா அழித்திருந்தாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பதிவெல்லாம் மும்பையில், கிளவுடில். கம்பெனி சர்வரிலிருந்து அங்கே தனியாக ஒரு லைன். பொது இன்டர்நெட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை. வெளியாள் புகவே முடியாது. அப்படியிருந்தும் அந்தப் பேர் வந்தது. பழைய பதிவாக அல்ல. இன்றைய தேதியில், வாசலில் விரல் வைக்கும் எந்திரத்திலிருந்து.

ஆன்ட்ரூஸ் எழுந்து போய் அந்த லைனையே பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது.

மும்பையில் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஷாஜனுக்கு இந்துஜா போன் போட்டாள். ஆமாம், லைன் அறுந்துவிட்டது என்றான்.

அப்படியும் இப்போதுதான் ஒரு பதிவு விழுந்ததாம். பூங்கனி, உள்ளே.

இருவரும் வாசலுக்குப் போனார்கள். வாடை முன்னாலேயே வந்தது. அழுகலும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் இறால் உரிக்கிற பெண்களுக்கு ரேகை தேய்ந்துபோகும், எந்திரம் ஏற்காது. எண்ணெய் வைத்த தலைமுடியில் பெருவிரலைத் தேய்த்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

எந்திரத்தின் கண்ணாடியில் கொழகொழவென்று வெள்ளைச் சளி. இறால் குடலின் கறுப்பு நூல். சுருண்டு ஒட்டிய ஒரு நீள முடி.

ஆன்ட்ரூஸ் கைக்குட்டையால் துடைத்தார்.

துடைத்த இடம் கசிந்தது.

மறுபடி துடைத்தார். சளி அவர் விரலிடுக்கில் இழுபட்டது. தின்ற இறாலெல்லாம் சட்டையில் வந்து விழுந்தது.

"தேங்க் யூ," என்றது எந்திரம்.

அதன்மேல் யார் கையும் இல்லை.

போனில் ஷாஜன் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தான். உள்ளே. உள்ளே. உள்ளே. இந்துஜா கேட்டுக்கொண்டே ஆன்ட்ரூஸின் நனைந்த விரல்களைப் பார்த்தாள்.

"வெளிய போனதா ஒண்ணுகூட விழல்லியே," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "கேஸ் கசிஞ்ச அன்னிக்கு, உறைகூடத்துக் கதவ வெளியில நின்னு பூட்டுனது ஆரு சாரே?"