பாய்மரக் கயிறு

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் திண்டிவனத்தில் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோர மேசையில், தான் செய்துகொண்டிருந்த பொம்மைக் கப்பலுக்கு நேராக, சவுரிராயன். அவருக்கு வலப்புறம் தரையில், முறத்தை மடியோரம் இழுத்து வைத்துக்கொண்டு, மனைவி கலையரசி. வாசல் பக்கத்து இரும்புக் கட்டிலில் அவள் தம்பி தென்னரசு. மூவரும் அவித்த வேர்க்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். தோல் நான்கு குவியலாகக் கிடந்தது.

நான்காவது குவியல் சுவரோரம், ஆளில்லாத நாற்காலியின் காலடியில். சவுரிராயன் இரண்டு தடவை எண்ணினார். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் கடிதம் எழுதியே காலம் தள்ளியவர். யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார் என்று வரிசைப்படுத்தாமல் அவருக்கு எதுவும் ஓடாது. கலையரசிதான் காலால் தள்ளியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார்.

முழ நீள மரக்கப்பல். விழுப்புரத்தில் இருக்கும் மகள் புனிதா நாளைக் காலை கைக்குழந்தையோடு வந்து எடுத்துப்போக இருந்தாள். பேரன் பெயரைக்கூடப் பக்கப் பலகையில் எழுதியாகிவிட்டது. மரம், அனந்தபுரத்தில் ரோட்டை அகலப்படுத்த வெட்டிய பூவரசு. தென்னரசுதான் அடித்துண்டைக் கேட்டு வாங்கி வந்தான். அதில் பாதி புதைந்திருந்த ஆணியைக் கண்டதும் மரவாடி விருத்தாசலம் ரம்பத்தை நிறுத்திவிட்டாராம். பேய் பிடித்த பெண்ணின் உச்சிமுடியைச் சுற்றி அடித்த ஆணி, அதைத் தொடாமல் மிச்சத்தை அறுத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

சவுரிராயன் தொட்டார். பேயை நம்பாததால் அல்ல. கப்பல் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது, மூங்கில் ஆணிதான் இறக்க வேண்டும் என்பது அவருடைய விதி. இடுக்கியால் பிடுங்கியபோது ஆணியோடு முடி வந்தது. வந்துகொண்டே இருந்தது, கறுத்து, வழுவழுப்பாக, எங்கும் அறாமல். அவ்வளவு சின்னக் கப்பலுக்கு எந்த நூலைக் கட்டினாலும் வடம்போலத் தடித்துத் தெரிந்த சமயம் அது. இந்த முடியோ அளவெடுத்தாற்போல் இருந்தது. மெழுகு தடவி, முறுக்கி, பாய்மரத்திலிருந்து இருபுறமும் கயிறாக இழுத்துக் கட்டிவிட்டார்.

"மாமா, ஒங்க கப்பலுக்கு முடி வெட்ட ஆளு கூப்பிடணும் போலக்கீது," என்றான் தென்னரசு. "தொங்கிக்கினு கெடக்குது பாருங்க."

நேற்றுதான் ஒட்ட நறுக்கிய முனைகள். இப்போது மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கின. கரண்ட் போய் ஒரு மணி நேரம், விசிறி நின்றிருந்தது, ஜன்னல் திரையில் அசைவில்லை; ஆனாலும் முனைகள் மெல்ல எழுந்து, மோப்பம் பிடிப்பதுபோல் இப்படியும் அப்படியும் திரும்பின. மெழுகு வாசனைக்கு அடியிலிருந்து தலையில் வைத்து வாடிய பூவின் நாற்றமும் எண்ணெய்ச் சிக்கும் வந்தன. சுவரோரம் படக்கென்று ஒரு மல்லாட்டை உடைந்தது.

"அத தொடாதடா," என்றார்.

தென்னரசு எழுந்து வந்து ஒரு கயிற்றை விரலில் சுற்றி இழுத்திருந்தான். கயிறு திரும்ப இழுத்தது. கறிக்கடையில் கேட்கிற சத்தம். விரல் முறத்தில், மல்லாட்டைகளுக்கு நடுவே விழுந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே மற்றக் கயிறுகள் கழுத்துக்குப் போய்விட்டன. கட்டிலுக்கே இழுத்துப்போய் அதோடு சேர்த்து இறுக்கின. குதிகால்கள் தரையில் அடித்தன. அடங்கும்வரை அடித்தன.

கலையரசி அரிவாள்மனையோடு பாய்ந்தாள். நாலு இழை அறுத்தாள். அறுத்த இடத்தில் எட்டு. அவள் வாயை நோக்கி வந்தன.

"என்னங்க, புனிதாவ வர வேணா..."

அவ்வளவுதான். தாடை கழன்றது. ரத்தத்தில் மல்லாட்டைத் தோல் படகு படகாக மிதந்தது.

சவுரிராயன் கத்தினார். சத்தம் வரவில்லை. தொண்டையில் ஒரு இழை. விரலை விட்டு இழுத்தார். நீண்டது. செல்போன் தென்னரசின் சட்டைப்பையில், கயிறுகளுக்கு அடியில். அவருடைய இடது கணுக்காலை மேசைக்காலோடு ஏதோ கட்டியிருந்தது.

புனிதா வரக் கூடாது. அது ஒன்றுதான்.

தாள் கைக்கெட்டியது. எழுதினார். பழக்கம் கையை விடவில்லை: இருந்தவர்கள் மூன்று பேர், இன்னார் இன்ன இடத்தில். பிறகு, அம்மா இல்லை. மாமா இல்லை. வராதே. பிள்ளையைக் கொண்டு வராதே.

வெளியே பைக் நின்றது. அடுத்த வீட்டுக் குமரேசன். திரைக்கு மேலே ஹெல்மெட் மட்டும் தெரிந்தது.

"விழுப்புரம் போறேன் சார். புனிதாவுக்கு எதுனா குடுக்கணுமா?"

கடிதத்தை உறையிலிட்டார். பசை டப்பா கவிழ்ந்து கிடந்தது. உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்தார். இடமிருந்து வலம், ஒரே தடவை. ஒட்டினார். அழுத்தினார். கம்பி வழியே நீட்டினார்.

"இன்னா சார், பேச மாட்டேன்றீங்க? சரி, நேரா அவ கையிலயே குடுத்துடுறேன்."

குமரேசன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். பைக் கிளம்பியது.

உறையை நனைத்த நாக்கு லேசாக இருந்தது.

தொண்டையில் இழை இல்லை. காலில் கட்டில்லை. மேசைமேல் பாய்மரம் மொட்டையாக நின்றது.

"குமரேசா!" குரல் வந்தது. முழுசாக வந்தது. திரையைக் கிழித்தார்.

தெருக்கோடியில் பைக் திரும்பிக்கொண்டிருந்தது. போனவர்கள் இரண்டு பேர். முன்னால் குமரேசன். பின் சீட்டில், ஒருக்களித்து, அவன் முதுகில் கூந்தல் வழிய ஒருத்தி. மல்லாட்டைத் தோலை ஒவ்வொன்றாக ரோட்டில் போட்டுக்கொண்டே போனாள்.