நல்லம்மாவின் ‘ஓம்’

ஓர்ஸ் ஹில் சரிவிலுள்ள பழைய வீட்டின் பின்னறையில் இருந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்தை இராகுலன் திறந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. துறைமுகத்துக்கு மேலே மழை கட்டிக்கொண்டு நின்றதால் அறைக்குள் ஒரே இருட்டு. சத்தம் புகாமலிருக்கச் சுவர் முழுக்கத் தடித்த பஞ்சு ஒட்டியிருந்தான். கதவைச் சாத்தினால் மழையும் கேட்காது, கப்பலின் ஊதலும் கேட்காது. தன் மூச்சு மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்கும்.

இன்றைக்கு நல்லம்மா வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

நல்லம்மாவின் மகள் பிரசாந்தினி இந்த அறையில்தான் வேலை செய்தாள். ஊருக்குள் ஒலிபெருக்கியில் போகிற கோயில் அறிவித்தல், மரண அறிவித்தல் எல்லாம் அவள் குரல். தனியே இருந்து வாசிக்க வசதியாக, ஒலிப்பதிவுக் கருவியில் அவளுக்கென்று ஒரு கால் பெடலைப் பூட்டிக் கொடுத்திருந்தான். மிதித்தால் ‘டக்’ என்னும். சிவப்பு விளக்கு எரியும், பதிவு தொடங்கும். தொண்டைக்கு இதமாகப் போத்தலில் மல்லித்தண்ணி கொண்டுவந்து வைத்துக்கொள்வாள். போன மாதம் டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவளுடைய மரண அறிவித்தலை அவனே வாசித்தான், தடுக்கித் தடுக்கி.

ஓய்வு நேரங்களில் தாய்க்கென்று பாடிய தேவாரங்களை அவள் தன் ஹாட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தாள். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியன்று வீட்டில் போட வேண்டும், எடுத்துத் தாருங்கள் என்று நல்லம்மா அதை இராகுலனிடம் கொடுத்தார். கணினியில் போட்டால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அன்றைக்குக் கோயில் வேலை ஒன்று அவசரம். கருவியில் பதிய இடமில்லை. கைக்கு எட்டியது அந்த டிஸ்க்தான். செருகினான். உள்ளே இருப்பதை அழித்தால்தான் பாவிக்கலாம், அழிக்கவா என்று திரை கேட்டது.

சும்மா இருந்திருக்கலாம். தொலைபேசி எடுத்தான்.

“அம்மா, இந்த டிஸ்க்கில இருக்கிறதை அழிச்சாத்தான் மெசின் எடுக்குமாம். அழிக்கட்டோ?”

“ஓம் தம்பி. ஓம், ஓம்.”

நல்லம்மாவோடு ஒரு தரம் கதைத்தவருக்கும் தெரியும், அவருடைய ‘ஓம்’ எப்போதும் ‘ஆம்’ என்ற சம்மதமல்ல. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ஓம்தான், ஒன்றும் விளங்கவில்லை என்பதற்கும் ஓம்தான். இராகுலனுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் பொத்தானை அமத்தினான். வீட்டில் வேறு பிரதி இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

இருக்கவில்லை.

இப்போது ஒரு நப்பாசையில் டிஸ்க்கை மறுபடி செருகிப் பார்த்தான். வெறுமை.

டக்.

மேசைக்குக் கீழே கேட்டது. அவனுடைய கால்கள் அவன் இருந்த கதிரைக்கு அடியில் மடங்கியிருந்தன.

சிவப்பு விளக்கு எரிந்தது.

குனிந்து பெடலின் வயரைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. வயரின் நுனி இன்னும் கைக்குள் இருந்தது.

டக்.

விளக்கு திரும்பவும் எரிந்தது. அடைத்த அறைக்குள் மல்லித்தண்ணி மணந்தது, இப்போதுதான் மூடியைத் திறந்ததுபோல.

“பிரசாந்தினி,” என்றான் குரல் இறங்கி. “நான் தெரியாமச் செய்தனான்.”

அது பொய். சொல்லும்போதே நாக்குக் கூசியது.

கதவு தட்டப்பட்டது. நல்லம்மா நனைந்த குடையோடு நின்றார். லிங்கநகரிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார்.

“பிள்ளையின்ர பாட்டை எடுத்தாச்சோ தம்பி?”

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தான். வாயில் வந்தது வேறு.

“அதெல்லாம் அழிஞ்சு போட்டுதம்மா. அண்டைக்கு நான் கேக்க, நீங்கள்தானே அழிக்கச் சொன்னீங்கள்.”

நல்லம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினார்.

“நானோ? ஓம் எண்டு சொன்னனானோ? எனக்கு இதுகள் விளங்கிறேல்லைத் தம்பி. அப்ப பிழை என்னிலதான்.”

இல்லை அம்மா என்று சொல்ல ஒரு கணம் போதும். அந்தக் கணத்தையும் விட்டுவிட்டான்.

“இது அவள் காதில போடுறதெல்லே?” நல்லம்மா மேசையிலிருந்த ஹெட்போனைத் தடவினார். “ஒருக்காப் போட்டுப் பாக்கட்டோ?”

போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். கண்ணை மூடினார்.

“ஓம்,” என்றார் திடீரென்று.

இராகுலன் திரையைப் பார்த்தான். ஒலி அளவுக் கோடுகள் அசையவேயில்லை.

“ஓம் பிள்ளை... ஓம்... ஓம், ஓம்.”

ஹெட்போனைக் கழற்றியபோது அவர் கன்னமெல்லாம் கண்ணீர். முகமோ சிரித்தது.

“அவள்தான் தம்பி! கதைச்சவள்.”

“என்ன... என்ன சொன்னவள்?”

“உங்கட பேரைச் சொல்லி, என்னவோ அழிக்கட்டோ எண்டு கேட்டவள். எனக்கு வடிவா விளங்கேல்லை. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

டக்.

இராகுலன் பாய்ந்து எழும்பினான். பிழை உங்களில் இல்லை அம்மா, எல்லாம் என்னில்தான், தெரிந்துதான் அழித்தேன் என்று ஒரு சொல் விடாமல் சொன்னான். கடைசியில் கத்தினான். அந்த அறையில் இப்போது தன் மூச்சுக்கூட அவனுக்குக் கேட்கவில்லை.

நல்லம்மா அவனுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, வாயை மட்டும் அசைக்கிறீங்கள்? சத்தத்தைக் காணேல்லையே!”