கடலுக்கு முதுகு காட்டியவள்

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். சுள்ளென்று வெயில். பயப்படுவதற்கான நேரமே இல்லை அது.

நான் ஒரு பயண இதழில் வேலை பார்க்கிறேன். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கிற ஒரு கடலோரத்தில், அதிகம் பேர் போகாத பத்து கடற்கரைகளைத் தேடிப் பிடித்து எழுதச் சொல்லி ஆசிரியர் அனுப்பியிருந்தார். துணைக்கு என் தங்கை வந்திருந்தாள். ஊரில் ஒரு நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவள். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்தவள். தண்ணீரைப் பற்றி நான் எழுதுவதில் எது உளறல் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று கூப்பிட்டேன். “ஓசியில கடலா? வரேன்” என்று பையைத் தூக்கிக்கொண்டாள்.

ஐந்து நாளில் ஒன்பது கிடைத்துவிட்டன. பத்தாவதுதான் இழுத்தடித்தது. எங்கே போனாலும் எங்களுக்கு முன்னால் நாற்பது குடைகளும், அலறுகிற பாட்டுப் பெட்டியும், ஒரே நிறத் தொப்பி போட்ட கூட்டமும் வந்து உட்கார்ந்திருந்தன. கடைசியில் படகு வாடகைக்கு விடுகிறவர்தான், பெரிய கடற்கரையின் கோடியில் பாறைக்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

“குளிக்கலாம்னு போகாதீங்க. அந்தம்மா விடாது.”

“எந்தம்மா?”

“விசிலம்மா” என்றார். அதற்கு மேல் கேட்டதற்குக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

பாறையைச் சுற்றி இருபது நிமிட நடை. அந்தப் பக்கம் இறங்கியதும், பின்னால் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை சத்தமும் கதவைச் சாத்தியதுபோல் நின்றது. பிறை வடிவில் வெள்ளை மணல். ஒரு காலடித் தடம் இல்லை, ஒரு காகிதக் குப்பை இல்லை. என் கட்டுரையின் முதல் வரி மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

மணலின் நடுவே உயிர்காப்பாளர்கள் உட்காரும் உயரமான மர நாற்காலி ஒன்று நின்றது. அது கடலைப் பார்க்காமல், எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். வெளுத்துப்போன சிவப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். என் தங்கை குனிந்து செருப்பில் கை வைத்ததும் விசில் காதைப் பிளந்தது.

“செருப்பைக் கழட்டாதம்மா. கழட்டினா கால் நனைக்கலாம்னு தோணும். கால் நனைஞ்சா முட்டி வரைக்கும் போகலாம்னு தோணும்.”

“குளிக்க வரல, பாக்கத்தான் வந்தோம்” என்றேன். “நாற்காலி திரும்பியிருக்கேம்மா?”

“நாற்காலி சரியாத்தான் இருக்கு. கடல்தான் தப்பான பக்கம் இருக்கு.”

சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடி எங்கள் கால்களைவிட்டு நகரவில்லை. இறங்கி வந்து, தன் குடை நிழலில் இடம் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். கடலுக்கு முதுகைக் காட்டியபடியே இதெல்லாம் நடந்தது. நாங்கள் பேசிய முக்கால் மணி நேரத்தில் ஒருமுறைகூட அவர் தலை அந்தப் பக்கம் போகவில்லை.

“ஆபீஸ்லேர்ந்து மூணு தடவை கடுதாசி வந்துச்சு. கடலைப் பாத்து உக்காரணும், அதுதான் விதியாம். நீங்களே வந்து திருப்பிப் போட்டு, நீங்களே ஏறி உக்காருங்கன்னு பதில் போட்டேன். இதுவரைக்கும் ஒருத்தரும் வரல.”

“கடலைப் பாக்காம எப்படிம்மா ஆளைக் காப்பாத்துவீங்க?”

“தண்ணிக்குள்ள போனப்புறம் காப்பாத்த இங்க ஆளில்ல சார். அதனால போகாமலே காப்பாத்துறேன்.”

என் தங்கை இதற்குள் கடலைப் படித்து முடித்திருந்தாள். “அண்ணா, அங்க பாரு. ரெண்டு பக்கமும் அலை உடையுது. நடுவுல மட்டும் தட்டையா, கொஞ்சம் கறுப்பா ஒரு பட்டை தெரியுதா? அதுதான் இழுப்பு, ஆளைக் கடலுக்குள்ள கொண்டுபோற நீரோட்டம். விவரம் தெரியாதவங்க அங்கதான் அமைதியா இருக்குன்னு இறங்குவாங்க.”

விசிலம்மாவின் சிரிப்பு நின்றது.

“தொழில் தெரிஞ்ச பொண்ணா நீ?”

“நாலு வருஷம் நாற்காலியில உக்காந்திருக்கேன்.”

“அப்ப முதல்ல நீ கிளம்பு. விவரம் தெரியாதவங்களை நான் விரட்டிடுவேன். உன்னை மாதிரி ஆளுங்கதான் எனக்கு ஆகாது.”

என் தங்கையிடம் ‘கிளம்பு’ என்று சொன்னால் அவள் உட்கார்ந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. “பொது இடம்தானேம்மா?” என்று சொல்லிவிட்டு, ஐம்பது அடி தள்ளிப் போய்க் கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்துகொண்டாள். கால் நனைக்கவில்லை. அதனால் விசிலம்மாவும் விசில் ஊதவில்லை. நாற்காலியில் ஏறி, தலையை மட்டும் திருப்பி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படமெடுத்தேன். மாலை எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புவதாக எண்ணம்.

மூன்று மணி சுமாருக்கு அலையின் சத்தம் குறைந்தது.

அலைகள் அதே உயரத்தில்தான் வந்தன, உடைந்தன. சத்தம் மட்டும் யாரோ கையால் பொத்தியதுபோல் அடங்கியது. காற்றில் ஒரு வாடை. பழைய ரப்பர் மிதவை நனைந்து, காயாமல், மூடிய அறையில் கிடந்தால் வரும் வாடை.

அந்தக் கறுப்புப் பட்டையின் நடுவில் ஒரு கை எழுந்தது.

நேராக. முஷ்டி மடக்கி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மூழ்குகிறவரால் கையைத் தூக்கிக் கூப்பிட முடியாது. இரண்டு கையாலும் தண்ணீரை அமுக்கவே அவருக்கு நேரம் போதாது. என் தங்கைதான் எப்போதோ சொன்னாள். கடலுக்குள் ஒரு கை முஷ்டியோடு நேராக நின்றால், அது காப்பாற்றப் போன ஆளின் கை. ‘இன்னொரு கையில் ஒரு உயிர் இருக்கிறது, தனியாக முடியவில்லை, இன்னொருவர் வாருங்கள்’ என்று அர்த்தம். அந்த வேலை பார்த்தவர்கள் அதைப் பார்த்ததும் யோசிக்க மாட்டார்கள். யோசிக்காமல் ஓடத்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

என் தங்கை ஓடினாள்.

நான் அவள் பெயரைக் கத்தியபோது அவள் முழங்கால் தண்ணீரில் இருந்தாள். விசிலம்மா நாற்காலியிலிருந்து குதித்தார். ஐம்பது வயது உடம்பு அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. கண்ணைத் தரையில் வைத்து, என் தங்கையின் குதிகால்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினார். இடுப்புத் தண்ணீரில் அவள் பாய்வதற்குள் பின்னங்கழுத்தில் சட்டையைப் பிடித்து இழுத்தார்; இரண்டு பேருமாக விழுந்தார்கள்.

“விடுங்க! ஆள் போயிட்டிருக்கான்!”

“அவன் போயி ஆறு வருஷம் ஆச்சுடி!”

நானும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அப்போதுதான் அந்த முஷ்டியைச் சரியாகப் பார்த்தேன்.

அது அலையோடு ஏறவில்லை. இறங்கவில்லை.

சுற்றிலும் தண்ணீர் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கை மட்டும் நட்டுவைத்த கம்பம்போல் நின்றது.

அதன் பக்கத்தில் இரண்டாவது முஷ்டி எழுந்தது. பிறகு மூன்றாவது. கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு.

என் தங்கையின் உடம்பு எங்கள் பிடியில் இன்னும் முன்னே போய்க்கொண்டிருந்தது. ‘வேண்டாம், வேண்டாம்’ என்று வாய் முணுமுணுத்தது. கால்கள் கேட்கவில்லை. நாங்கள் மூவருமே அடி அடியாக உள்ளே நகர்ந்துகொண்டிருந்தோம்.

விசிலம்மா கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். நிமிர்ந்து கடலைப் பார்த்தார்.

“டேய். போதும், கையைக் கீழ போடு. இவ வரமாட்டா. இவ அண்ணன் வரமாட்டான். இந்தக் கரையில நான் ஒருத்தி உக்காந்திருக்கிற வரைக்கும் ஒரு குஞ்சு உன்கிட்ட வராது. கேக்குதா?”

கேட்டது போலிருந்தது. கடைசியாக எழுந்த இரண்டும் முதலில் இறங்கின. பிறகு மற்ற இரண்டு. முதல் முஷ்டி மட்டும் நின்றது.

“அக்கா.”

சத்தமாக இல்லை. பக்கத்து அறையிலிருந்து தண்ணீர் கேட்பவனின் குரல்.

விசிலம்மாவின் பிடி தளரவில்லை.

“கூப்பிடு. தொண்டை வத்துற வரைக்கும் கூப்பிடு. நாளைக்கும் கூப்பிடு. வரமாட்டேன்டா.”

கை இறங்கியது. அலைச் சத்தம் மொத்தமாகத் திரும்பி வந்து எங்கள்மேல் விழுந்தது.

மணலில் ஈரத்தோடு உட்கார்ந்தோம். அவர் மறுபடியும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார்.

“ரெண்டு பேர் குளிக்க இறங்கி இழுப்புல மாட்டினாங்க. நான்தான் அன்னிக்குப் பொறுப்பு. என் தம்பியை அனுப்பினேன். அவன் கை தூக்கினான். ரெண்டாவது ஆளை அனுப்பினேன். அவனும் தூக்கினான். மூணாவது ஆளையும் அனுப்பினேன். நாலாவது பையன் கிளம்பும்போதுதான் எனக்குப் புத்தி வந்துச்சு. முடியைப் பிடிச்சு மணல்ல தள்ளினேன். குளிக்கப் போன ரெண்டு பேரும் பக்கவாட்டுல நீந்தி, அந்தப் பாறைகிட்ட கரையேறி வந்து, துண்டு இருக்கான்னு கேட்டாங்க.”

சட்டை நுனியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார்.

“அதுக்கப்புறம் ஆபீஸ் ரெண்டு பேரைப் போட்டுச்சு. நல்ல நீச்சல்காரப் பசங்க. வந்த மாசத்துலயே ஒவ்வொருத்தரா போனாங்க. தண்ணியில யாருமே இல்லாத நாள்ல.”

“தினமும் கூப்பிடுறாரா?” என்று என் தங்கை கேட்டாள்.

“லீவே எடுக்கறதில்ல. நான்தான் அவனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தேன். கையை எப்படித் தூக்கணும்னும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நீங்க பத்திரிகைதானே சார்? இதை எழுதாதீங்க. கூட்டம் வந்தா ஆபீஸ் ஆள் போடும். ஆள் போட்டா அவன் கை தூக்குவான்.”

நான் ஒன்பது கடற்கரைகளோடு திரும்பினேன். பத்து என்று விளம்பரம் போட்டாகிவிட்டது என்று ஆசிரியர் கத்தினார். ஒன்பதுதான் இருக்கிறது என்று நானும் கத்தினேன். ஒன்பதாகவே வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை தங்கையைப் பார்க்க நீச்சல்குளத்துக்குப் போனேன். கூரை போட்ட பெரிய கூடம், குளோரின் நெடி, எதிரொலிக்கும் கும்மாளம். ஆழமில்லாத பக்கத்தில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். குறுக்கே மிதவைக் கயிறு. அதற்கு அந்தப் பக்கம் ஆழம், அங்கே யாரும் இல்லை.

தங்கை இளைத்திருந்தாள். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“வந்த முதல் வாரமே ஆரம்பிச்சிடுச்சு அண்ணா. ஆழப்பக்கத்துல. ஒத்தை முஷ்டி.”

அவள் கையைப் பிடித்தேன். “வேலையை விட்டுட்டு வா. இப்பவே.”

“எதுக்கு? அந்தம்மா ஒரு கடலையே சமாளிக்கிறாங்க. இது இருபத்தஞ்சு மீட்டர் தொட்டி. இதுக்குப் பயந்து ஓடினா எனக்கு வெக்கமா இருக்கும்.” ஒரு பையன் தடுமாறியதைக் கவனித்து, அவன் காலூன்றிய பிறகு தொடர்ந்தாள். “ஆனா அவங்களை மாதிரி நான் முதுகைக் காட்டிட்டு உக்கார முடியாது. இத்தனை பிள்ளைங்க உள்ள இருக்கு. அதனால சைகையை மாத்திட்டேன். உதவி வேணும்னா இனிமே ரெண்டு கையும், விரலை விரிச்சு. என் பிள்ளைங்க யாரும் முஷ்டி தூக்கமாட்டாங்க. தூக்கறது என் பிள்ளையில்ல. நான் அசையமாட்டேன்.”

கைதட்டினாள். “எல்லாரும் காமிங்க பாப்போம்!”

“போலீஸ் பிடிச்ச மாதிரியா மிஸ்?” என்று ஒரு வாண்டு கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு ஜோடிக் கைகள் விரல் விரித்து மேலே எழுந்தன.

கயிற்றுக்கு அந்தப் பக்கமும் எழுந்தன.

முதலில் ஒன்று. கொஞ்சம் யோசித்து இன்னொன்று. முஷ்டிகள் மெல்ல விரிந்தன. பாடம் கற்றுக்கொள்வது போல, ஒவ்வொரு விரலாக.

பழைய ரப்பரின் வாடை குளோரினைத் தாண்டி வந்தது.

தங்கை விசிலை ஊதினாள். பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். இருபத்திரண்டு. அதன் பிறகு ஆழப்பக்க விளிம்புக்குப் போய் நின்றாள். இடுப்பில் கை.

“கத்துக்கிட்டியா? நல்லது. நாளைக்கு வேற சைகை சொல்லித் தரப்போறேன். அதையும் கத்துக்கோ. அதுக்கு அடுத்த நாள் இன்னொண்ணு. நீ எதைத் தூக்கினாலும் நான் வரமாட்டேன்.”

பெஞ்சின் ஓரத்திலிருந்த சிறுமி அவளைக் கூப்பிட்டாள். “மிஸ், எங்களை மட்டும் ஏறச் சொன்னீங்க. அந்த அண்ணனை ஏன் ஏறச் சொல்லல?”

“அவருக்கு வகுப்பு முடிஞ்சிடுச்சும்மா” என்றாள் தங்கை, திரும்பாமல்.

பிள்ளைகள் கலக்கிய தண்ணீர் மெல்ல அடங்கியது. கூரை விளக்குகள் அதில் நெளியாமல் தெரியத் தொடங்கின. அதன் பிறகும் அந்தக் கைகள் இறங்கவில்லை.