படத்தின் வலது ஓரம்

பிற்பகல் மூன்று மணிக்கு டிவி மெக்கானிக் மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது, மாமனாரின் சூட்கேஸ் வாசலில் தயாராக இருந்தது. அத்தை இறந்து மூன்று மாதம். எங்களோடு வந்துவிடுங்கள் என்று மகள் கெஞ்சாத நாளில்லை. மாமனார் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"அவ பாத்த டிவியில அவள ஒரு தடவ பாத்துடறேன், மாப்பிள்ளை. அப்புறம் கூப்பிட்ட இடத்துக்கு வர்றேன்."

அந்த டிவியோ மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கிழட்டுப் பிடிவாதம். ஆன்டெனா வயரைத் தவிர வேறெதையும் ஏற்காது. மாப்பிள்ளை விடுவாரா? அத்தையின் பழைய வீடியோ இருந்த போனிலிருந்து ஒரு கன்வர்ட்டர், அதிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து ஆன்டெனா வயர். மூன்றாம் சேனலில் இரைச்சல் விலகி அத்தை வந்தார். இதே சோபாவில், படத்தின் வலது ஓரத்தில்.

பாதி முகம்தான்.

"மீதி எங்க?" சோபாவில் இருந்த மாமனாரின் குரல் உடைந்தது.

"பழைய டிவி ஓரத்தத் தின்னுடும், மாமா. இருங்க."

பின்மூடியைக் கழற்றி, படத்தின் அகலத்தைக் குறைக்கும் திருகை மெல்லத் திருப்பினார். எட்டிப் பார்த்தார். முழு முகம் வந்தது. தோள் வந்தது. கை வந்தது. கைக்கு அப்பால் சோபாவில் ஒரு காலி இடமும் வந்தது. தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டு முன்னால் வந்து போனைப் பார்த்தார்.

போனில் அத்தையின் தோளோடு படம் முடிந்திருந்தது.

டிவியில் அந்தக் கை, காலி இடத்தைத் தட்டியது.

தட். தட்.

சத்தம் டிவியிலிருந்து வரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், சோபாவிலிருந்து வந்தது.

மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கினார். படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. சூடான தூசியின் வாசனை மட்டும் மிஞ்சியது.

"மாமா, கிளம்பலாம்." திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"எப்படி வர்றது, மாப்பிள்ளை? கையப் புடிச்சுக்கிட்டாளே."

மூன்று மாதத்தில் முதன்முறையாக மாமனார் சிரித்தார்.

போன் அடித்தது. மனைவி.

"அப்பாவத் தனியா விட்டுட்டு வந்துடாதீங்க."

அணைந்த திரையின் கண்ணாடியில் சோபா தெரிந்தது. மாமனாரின் தோளில் ஒரு தலை சாய்ந்திருந்தது.

"தனியா இல்ல," என்றார் மாப்பிள்ளை.